யாரும் வராத கோளரங்கம்

கத்திரி வெயிலில் பாலாற்று மணல் கொதித்துக் கிடந்த மே மாதத்தில், மழையே விடாத ஒரு நகரத்தின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஜப்பானின் கீ நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பிளானடேரியன்’ என்ற விஷுவல் நாவல் அது. எழுதியவர் யூயிச்சி சுசுமோதோ. ஆங்கில வடிவம் 2014இல், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்துக்கு வந்தது. நான்கைந்து மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய இந்தச் சிறிய படைப்பை இதுவரை மூன்று முறை படித்துவிட்டேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் மனம் நிறைந்தது, ஒரே இடத்தில் மனம் விலகியது. அது ஏன் என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கதையின் முடிவையும் பேசாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால், இனிமேல் படிக்க எண்ணுபவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

திரையில் ஒரு பின்னணி ஓவியம், அதன்மேல் ஒரு பாத்திரத்தின் உருவம், கீழே எழுத்து, கூடவே இசையும் குரலும். பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி வரும். விஷுவல் நாவலின் அமைப்பு இவ்வளவுதான். பெரும்பாலானவற்றில் இடையிடையே ஒரு தேர்வு கேட்கப்படும், நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை கிளை பிரியும். பிளானடேரியனில் தேர்வே கிடையாது. கீ நிறுவனம் இந்த வகைக்குக் கைனெட்டிக் நாவல் என்று தனிப்பெயரே வைத்திருக்கிறது. தேர்வு இல்லாத விளையாட்டு எப்படி விளையாட்டாகும் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கதைக்கு அது குறையே அல்ல என்பது என் எண்ணம், ஏனென்றால் இதில் வரும் இருவருக்குமே தேர்ந்தெடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

போரால் அழிந்து, மனிதர்கள் கைவிட்டுப் போன நகரம். இடிபாடுகளில் உதவக்கூடிய பழைய சாமான்களைத் தேடி எடுத்துப் பிழைக்கும் ஒருவன், நகரத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் போர் இயந்திரங்களிடமிருந்து தப்பி, ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் கோளரங்கத்துக்குள் நுழைகிறான். அங்கே ஹோஷினோ யுமேமி என்ற பெண் உருவ ரோபோ, வெளியே நடந்தது எதுவும் விளங்காமல், பார்வையாளர் வருவார் என்று ஏறத்தாழ 30 ஆண்டுகளாகக் காத்திருக்கிறாள். கிடைக்கும் மின்சாரம் ஆண்டுக்கு ஏழு நாள் விழித்திருக்கத்தான் போதும். உள்ளே வந்தவனை 25 லட்சமாவது பார்வையாளர் என்று வாழ்த்திப் பூங்கொத்து நீட்டுகிறாள். கைக்குக் கிடைத்த உதிரிச் சாமான்களால் கட்டிய கொத்து அது. கணக்கும் உண்மையில் 25 லட்சத்தை எட்டவில்லை. வேறு யாரும் வரவில்லை என்பதால் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறாள். அவளுடைய இயல்பு முழுவதையும் ஆசிரியர் இந்த ஒரு செயலிலேயே காட்டிவிடுகிறார்.

யுமேமியின் பேச்சுதான் இந்தப் படைப்பின் முதல் பலம். அவள் பேசுவது முழுக்க வேலையின் மொழி. வணக்கம், வரவேற்பு, மன்னிப்பு, நிகழ்ச்சி தொடங்கும் நேரம், இருக்கை பற்றிய அறிவிப்பு. வெளியூர் நோயாளிகள் நாள் முழுவதும் வந்து இறங்கும் எங்கள் வேலூரில், விசாரணைக் கவுண்ட்டரில் அமர்ந்து ஒரே பதிலை ஐந்து மொழிகளில் நூறு முறை முகம் சுளிக்காமல் சொல்லும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பொறுமைக்குள் ஓர் அன்பு இருக்கிறது என்பதை அவர்களிடம் உணர்ந்திருக்கிறேன், யுமேமியிடமும் உணர்ந்தேன். சலிப்பும் எரிச்சலும் நிறைந்த அந்த மனிதன் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், அவள் அதை ஒரு பார்வையாளரின் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு பணிவோடு பதில் சொல்கிறாள். அவனுக்குக் கதை முழுவதும் பெயரே இல்லை. அவளுக்கு அவன் பார்வையாளர்; அது போதும்.

ஆனால் இதே பேச்சுதான் முதல் ஒரு மணி நேரத்தின் பலவீனமும்கூட. ஒரே விளக்கத்தை அவள் மூன்று, நான்கு முறை சொல்கிறாள், அவன் அதே எரிச்சலோடு அதே பதிலைச் சொல்கிறான். அவள் பழுதுபட்டவள் என்பதைக் காட்டத்தான் ஆசிரியர் இப்படிச் செய்கிறார் என்பது புரிகிறது. எனினும், இரண்டு இடங்களில் புரிந்துவிடுவதை ஆறு இடங்களில் சொல்லும்போது, பொத்தானை அழுத்தும் விரல் தானாகவே வேகமெடுத்துவிடுகிறது. என் நண்பர் ஒருவர் இந்தப் பகுதியிலேயே நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அடுத்ததைப் படிக்கவில்லையே என்பதுதான் வருத்தம்.

பழுதாகிக் கிடக்கும் விண்மீன் காட்டும் கருவியை அவன் சரிசெய்யத் தொடங்குவதிலிருந்து கதை உயர்ந்துவிடுகிறது. யுமேமி அந்தக் கருவியை ஓர் உடன் பணியாளரைப் போல ‘யேனா’ என்று மரியாதையோடு அழைக்கிறாள். ஜெர்மனியின் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் நிறுவனம் செய்த கோளரங்கக் கருவிகளை ஒட்டி வைத்த பெயர். எனக்கு இது சட்டென்று நெருக்கமாகிவிட்டது; ஏனெனில், பழைய வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலையில், காவலூர் வான் ஆய்வகத்தில் 1972இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதே யேனாவில் செய்யப்பட்டதுதான். 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த தொலைநோக்கிகளுள் அதுவும் ஒன்று. திருகுகளைக் கழற்றி, கண்ணாடிகளைத் துடைத்து, எரிந்துபோன பாகங்களுக்கு மாற்றுத் தேடி அவன் பாடுபடும் பக்கங்களை அதனால்தானோ என்னவோ மிகுந்த ஆவலோடு படித்தேன். இயந்திரத்தின் மீது மதிப்பு வைத்திருப்பவர் எழுதிய பக்கங்கள் அவை.

பிறகு விளக்குகள் அணைகின்றன. அவன் வாழ்நாளில் விண்மீன்களையே பார்த்ததில்லை. வானம் எப்போதும் மூடியே கிடக்கிறது. குவிமாடம் முழுவதும் விண்மீன்கள் விரிகின்றன, யுமேமி ஒவ்வொரு விண்மீன் கூட்டமாகக் கதை சொல்லிக்கொண்டு போகிறாள். பாதியில் மின்சாரம் நின்றுவிடுகிறது. நிகழ்ச்சியை முடித்துக்கொள்வதா என்ற நிலையில், விளக்கத்தைத் தொடர்ந்து சொல் என்று அவன் கேட்கிறான். முழு இருட்டு, அவளுடைய குரல் மட்டும். அந்தக் குரலைக் கேட்டபடி அவன் தன் மனத்துக்குள் விண்மீன்களைப் பார்க்கிறான். இந்தக் காட்சியைத் திரைப்படமாக எடுத்தால் எதையாவது காட்டியே ஆக வேண்டும், அச்சு நூலில் குரல் இருக்காது. கறுத்த திரையும், எழுத்தும், குரலும் மட்டுமே போதும் என்று நிற்க விஷுவல் நாவலால்தான் முடியும். அதன் வசதிக் குறைவு முழுவதையும் ஆசிரியர் இங்கே வலிமையாக மாற்றிவிட்டார். மின்வெட்டு இரவுகளில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் பாட்டியின் கதை கேட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இசையையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாலை மடிக்கணினியில் இதன் இசை ஓடிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் இருந்த அம்மா அந்த மெட்டுக்குத் தன்னையறியாமல் ‘பாவ சஞ்சலத்தை நீக்க’ என்று பாடத் தொடங்கினார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடும் ஞானப்பாட்டு அது. சார்லஸ் கான்வர்ஸ் 1868இல் அமைத்த அந்த மெட்டு, ஜப்பானில் விண்மீன்களைப் பற்றிய ஒரு பாடலாகவும் வழங்குகிறது. வழிபாட்டையும் வானத்தையும் ஒரே மெட்டில் வைத்தது கதைக்கு மிகப் பொருத்தம்.

இனி மனம் விலகிய இடம். கோளரங்கத்தைவிட்டு இருவரும் வெளியே வந்த பிறகு, கதை திடீரெனத் துப்பாக்கிகளுக்கும் குண்டு வகைகளுக்கும் தாவுகிறது. நகரத்தைக் காக்கும் பெரிய போர் இயந்திரத்தோடு அவன் மோதும் பகுதியில், ஆயுத விவரங்கள் பத்தி பத்தியாக வருகின்றன. அதுவரை நாம் பழகிய அமைதிக்கும் இதற்கும் ஒட்டவே இல்லை. போர் ஏன் வந்தது, மற்ற மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையெல்லாம் ஓரிரு வரிகளில் கடந்துவிட்டு, ஒரு சண்டைக்கு மட்டும் இவ்வளவு இடம் தந்திருப்பது தவறான அளவு.

அதைவிடப் பெரிய குறை, அந்தச் சண்டையில் உடைந்து கிடக்கும் யுமேமியின் கடைசி நிமிடங்களை ஆசிரியர் நீட்டும் விதம். அவளுடைய பழைய நினைவுகள் ஒவ்வொன்றாக எழுகின்றன, இசை உயர்கிறது, நாம் அழுதே ஆக வேண்டும் என்று கதை காத்து நிற்கிறது. முதல் முறை அழுதேன். மூன்றாவது முறை, என்னை அழவைக்கும் கை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அந்தக் குவியலுக்கு நடுவில்தான் அவளுடைய ஒரே வேண்டுதலும் வருகிறது: மனிதர்களுக்கு ஒன்று, ரோபோக்களுக்கு ஒன்று என்று சொர்க்கத்தை இரண்டாகப் பிரித்துவிடக் கூடாது. அங்கேயும் மனிதர்களுக்குப் பணி செய்யத்தான் அவள் அப்படிக் கேட்கிறாள். கோளரங்கத்து இருட்டைப் போலவே, இசையை நிறுத்தி, திரையைக் கறுக்கவிட்டு, அந்த வரியை அவளுடைய குரலில் மட்டும் விட்டிருக்கலாம்.