மண்ணில் கிடக்கும் பாதி ஆன்டெனா

கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் நிலத்தின் நடுவே இருக்கும் எங்கள் வீட்டின் பின்புறத்தில், ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியின் 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) பட்டைக்காக, அலுமினியக் குழாயாலான செங்குத்து ஆன்டெனா ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் நிறுத்தினேன். ஓர் எர்த் கம்பியும், குழாயின் அடியிலிருந்து மண்ணில் ஆரங்களாக விரியும் கம்பிகளான ரேடியல்கள் நான்கும் மட்டுமே இருந்த முதல் நாளில், ஆன்டெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1.3 என்று காட்டியது; 1.0 என்றால் முழுப் பொருத்தம். ரேடியல்களை 16 ஆக்கியபோது அது 1.0-க்கு இறங்கியது. இன்று 48 ரேடியல்கள் மண்ணில் கிடக்கின்றன. மீட்டரோ மறுபடியும் ஏறி 1.25-இல் நிற்கிறது. முதல் நாளின் 1.3-க்கும் இன்றைய 1.25-க்கும் உள்ள வேறுபாட்டை முள்ளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் முதல் நாளில் நான் அனுப்பிய 100 வாட்டில் ஏறத்தாழ 45 வாட் மண்ணைச் சூடாக்குவதிலேயே கழிந்தது. இன்று அப்படிக் கழிவது சுமார் 10 வாட்தான். மீட்டரில் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை எனக்குப் புரியவைத்தது மண்தான். அதனால் இந்தப் பதிவில் குழாயைவிட மண்ணைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

கால் அலைநீளச் செங்குத்து ஆன்டெனா என்பது, இரண்டு சமமான கைகளைக் கொண்ட டைப்போல் ஆன்டெனாவின் ஒரு பாதி. நிமிர்ந்து நிற்கும் அந்தப் பாதிக்கு ஈடான மறுபாதியை நிலம் தரவேண்டும். 1895-இல் மார்க்கோனி தம் தந்தையாரின் பண்ணை வீட்டில் அனுப்பியின் ஒரு முனையை உயரத் தூக்கி, மறுமுனையை மண்ணில் இணைத்தபோதுதான் அவருடைய சிக்னல் குன்றைத் தாண்டிச் சென்றது. குழாயிலிருந்து புறப்படும் மின்புலம் சுற்றிலும் உள்ள தரையில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து மின்னோட்டம் மண் வழியாகக் குழாயின் அடிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். மண் நல்ல கடத்தி அன்று. திரும்பும் வழியில் கம்பி இல்லையென்றால், அந்த ஓட்டம் மண்ணின் மின்தடையினூடாகவே வந்து வெப்பமாகிவிடும். ரேடியல்களின் வேலை, அந்த ஓட்டத்தை வழியிலேயே வாங்கிக்கொண்டு செம்பின் மீது அடிமுனைக்குக் கொண்டுவருவது.

கணக்கு எளியது. முழுமையான கடத்தியாக ஒரு தரை இருக்குமானால், அதன் மேல் நிற்கும் கால் அலைநீள ஆன்டெனாவின் கதிர்வீச்சுத் தடை, அதாவது அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை, ஏறத்தாழ 36 ஓம். ஊட்டுமுனையில், அதாவது கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில், நாம் அளப்பது இந்த 36 ஓமும் மண்ணின் இழப்புத் தடையும் சேர்ந்த தொகை. முதல் நாளில், ஆன்டெனாவின் தடையை அளக்கும் என் நானோ விஎன்ஏ கருவி 65 ஓம் காட்டியது. அப்படியானால் 29 ஓம் மண்ணுடையது, கதிர்வீசும் திறன் 55 சதவீதம். 16 ரேடியல்களோடு 50 ஓம் வந்தபோது திறன் 72 சதவீதம். இப்போது 40 ஓம், 90 சதவீதம். உண்மையான மண்ணின் மேல் கதிர்வீச்சுத் தடை சரியாக 36 ஓமாகவே இருப்பதில்லை என்பதால் இந்தச் சதவீதங்களைத் துல்லியமானவையாகக் கொள்ளக்கூடாது. எண்கள் நகரும் திசையை மட்டும் நம்பலாம். கோஆக்ஸ் கேபிளும் ரேடியோவும் 50 ஓமை எதிர்பார்ப்பவை. ஆகவே 36-க்கு மேல் 14 ஓம் மண் இழப்பு சேர்ந்த இடத்தில் எஸ்டபிள்யூஆர் மிக அழகாகிவிடுகிறது. அதற்குப் பிறகு இழப்பைக் குறைக்கக் குறைக்க எண் ஏறுகிறது.

16 ரேடியல்களோடு வேலையை முடித்துவிடவே நினைத்தேன். திருநெல்வேலியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இயங்கிவரும் மூத்த ஹாம் ஒருவரிடம், அண்ணாச்சி என்றே நாங்கள் அழைக்கும் அவரிடம், எஸ்டபிள்யூஆர் ஒன்றுக்கு வந்துவிட்டது என்று பெருமையோடு சொன்னேன். "டம்மி லோடிலயும் அதே ஒன்றுதான் காட்டும், தம்பி. மண்ணுக்குள்ள எவ்வளவு வயர் போட்டிருக்கீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். டம்மி லோடு என்பது அலை எதையும் வீசாமல், வரும் ஆற்றலை எல்லாம் வெப்பமாக்கிவிடும் வெறும் மின்தடை. அன்று மாலையே கடைக்குப் போய் இன்னும் இரண்டு சுருள் வயர் வாங்கி வந்தேன்.

எத்தனை ரேடியல்கள், எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு அளந்து பார்த்து விடை தேடியவர்கள் ஆர்சிஏ என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்தின் பொறியாளர்களான பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் ஆகிய மூவர். 1937-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், இரண்டு கம்பிகளில் தொடங்கி 113 கம்பிகள் வரை படிப்படியாக மண்ணில் இட்டு, ஒவ்வொரு நிலையிலும் புல வலிமையை அளந்தார்கள். அமெரிக்காவின் நடுஅலை ஒலிபரப்பு நிலையங்கள் கோபுரத்தைச் சுற்றி 120 ரேடியல்களைப் பதிக்கும் வழக்கத்துக்கு அந்த ஆய்வே அடிப்படை. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள ஒன்றும் அதில் இருக்கிறது. கம்பிகளின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது அவற்றை நீட்டிக்கொண்டே போவதால் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. அடிமுனையை விட்டு விலக விலகக் கம்பிகளுக்கு இடையே உள்ள மண் அகன்றுகொண்டே போவதால், நீளத்தின் கடைசிப் பகுதி தன்னைச் சுற்றியுள்ள ஓட்டத்தில் கொஞ்சத்தையே பிடிக்கிறது. மண்ணில் ஓட்டம் மிகச் செறிவாக இருப்பது குழாயின் அடியைச் சுற்றிய சில மீட்டர்களில்தான். ஆகவே கையில் உள்ள வயரின் மொத்த நீளம் இவ்வளவுதான் என்றால், நீளமான சிலவற்றைவிடக் குட்டையான பலவற்றை இடுவதே சரி.

நம் ஊரில் வீட்டு வயரிங்குக்கு விற்கும் வயர், சுருளுக்கு 90 மீட்டர் வருகிறது. அதை ஐந்தரை மீட்டர் துண்டுகளாக வெட்டினால் 16 ரேடியல்கள். 1 சதுர மில்லிமீட்டர் பருமனே போதும். ஓட்டம் பல கம்பிகளில் பகிர்ந்துகொள்ளப்படுவதால் தடித்த வயருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். மேலுறையை உரிக்க வேண்டியதும் இல்லை, உறை இருந்தால் செம்பு நெடுநாள் பிழைக்கும். தரையில் கிடக்கும் ரேடியலை அதிர்வெண்ணுக்கு ஏற்றவாறு அளந்து வெட்டவேண்டும் என்று முன்பு நானும் நம்பியிருந்தேன். மண்ணை ஒட்டிக் கிடக்கும் கம்பியில் அலை மெதுவாகச் செல்வதால், காற்றில் அளந்த கால் அலைநீளம் அங்கே பொருந்தாது. அமெரிக்க ஹாம் ரூடி செவர்ன்ஸ் தம் வயலில் செய்த சோதனைகளில், தரையில் நான்கே ரேடியல்கள் இருந்த நிலையில் அவற்றைக் கால் அலைநீளத்துக்குக் கீழே குறைத்தபோது சிக்னல் வலுப்பெற்றதைக் கண்டார். எண்ணிக்கை கூடியபின் இந்த நுட்பம் முக்கியத்துவம் இழந்துவிடுகிறது.

எர்த் கம்பியைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் இங்கேதான் பலரும் பணத்தையும் உழைப்பையும் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். கரியும் உப்பும் போட்டு நிரப்பிய எர்த் குழி, மூன்று மீட்டர் ஆழத்துக்கு இறக்கிய செம்புக் கம்பி ஆகியவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கும் மின்னலுக்கும் மிக அவசியமானவை. 7 மெகாஹெர்ட்ஸில் அவற்றால் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. உயர் அதிர்வெண் ஓட்டம் மண்ணின் மேற்பரப்பை ஒட்டியே வருகிறது. சாதாரண மண்ணில் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே அது பெரும்பகுதி அடங்கிவிடும். அது நாற்புறமும் பல மீட்டர் தூரத்திலிருந்து திரும்பி வருவதால், ஒரே இடத்தில் ஆழமாக இறங்கும் கம்பியால் அதைப் பிடிக்க இயலாது. எர்த் கம்பியை மட்டும் இணைத்து அளந்தபோது எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 80 ஓம். அதன்பின் இன்னொரு கம்பியை அடித்து இறக்கிப் பார்த்தும் அந்த எண் அசையவில்லை.

அதற்காக எர்த் கம்பியை விட்டுவிடக்கூடாது. பத்து மீட்டர் உயர அலுமினியக் குழாய், சுற்றிலும் மரமில்லாத கரிசல் வெளியில், ஐப்பசி மின்னலுக்கு முன்னால் நிற்கிறது. குழாயின் அடியில் மின்னல் தாங்கியும் எர்த் கம்பியும் வைத்திருக்கிறேன். அந்தக் கம்பியை வீட்டின் பிரதான எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் இணைத்தும் இருக்கிறேன். ஆன்டெனாவுக்குத் தனி எர்த், வீட்டுக்குத் தனி எர்த் என்று இணைக்காமல் விடுவது ஆபத்தானது. அருகில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்களுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வேறுபாடு எழுந்து, அவை இரண்டும் சந்திக்கும் ஒரே இடமான நம் ரேடியோவின் வழியாகப் பாயும். இவ்வளவு செய்தபின்னும், இடி கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுவதே என் வழக்கம். நேரடியாக விழும் மின்னலைத் தாங்கி நிற்கும் என்று எந்தக் கருவியையும் நான் நம்புவதில்லை.

குழாய் வேலையில் சிக்கல் குறைவு. 71.3-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும், 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 10 மீட்டர். பன்னிரண்டு அடி அலுமினியக் குழாய்கள் மூன்றை ஒன்றுக்குள் ஒன்றாக ஓரடி நுழைத்தால் முப்பத்து நான்கு அடி வரும். மேல் துண்டை உள்ளே தள்ளி அதிர்வெண்ணைச் சரிசெய்ய அது போதுமான இடம். இணைப்பில் வெளிக்குழாயின் வாயை ரம்பத்தால் பிளந்து, துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பால் இறுக்கினேன். தளர்வு இருந்த இடத்தில் அலுமினியத் தகட்டைச் சுற்றி நுழைத்தேன். அடிக்கு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய நைலான் உருளை. ஊட்டுமுனையில் மின்தடை குறைவாக இருப்பதால் 100 வாட்டில் அங்கே எழும் மின்னழுத்தம் 60 வோல்ட் அளவில்தான் இருக்கும், ஆகவே விலை உயர்ந்த இன்சுலேட்டர் தேவைப்படவில்லை. பெரிய அழுத்தம் நுனியில் இருக்கிறது. அது எட்டாத உயரம்.

கயத்தாறுப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆடிக் காற்று எங்கள் வீட்டையும் கடந்துதான் போகிறது. முதல் ஆடியில் ஒரே உயரத்தில் மூன்று நைலான் கயிறுகளை மட்டும் கட்டியிருந்ததால் நடு இணைப்பு வளைந்து, மேல் துண்டு கோணலாகிவிட்டது. இப்போது இரண்டு உயரங்களில் ஆறு கயிறுகள் கட்டியிருக்கிறேன். வெயிலில் நைலான் நைந்துவிடுவதால் ஆண்டுதோறும் சித்திரையில் அவற்றை மாற்றிவிடுகிறேன்.

கரிசலின் குணம் வேறு எந்த மண்ணிலும் நான் காணாதது. மழை பெய்தால் பசைபோல் ஊறி நல்ல கடத்தியாகிவிடும். கோடையில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அந்த வெடிப்புகள் எர்த் கம்பியை மண்ணிலிருந்து பிரித்துவிடுகின்றன. மேலாகப் பதித்த ரேடியல்களையும் இழுத்து, அடித்தகட்டில் பற்றவைத்த இடத்தில் அறுத்துவிடுகின்றன. முதல் கோடையில் ஐந்து இணைப்புகள் இப்படி அறுந்தன. இப்போது ஒவ்வொரு ரேடியலையும் தகட்டில் சேரும் இடத்தில் சிறு வளையமாகத் தளர்த்தி விட்டிருக்கிறேன். செம்பு வயரை அலுமினியக் குழாயில் நேரடியாக முடுக்கக்கூடாது என்பதையும் இந்த மண்ணின் ஈரம் கற்பித்தது: இரண்டு மாதங்களில் அலுமினியம் வெள்ளைப் பொடியாகிவிட்டது. இடையே எஃகு வாஷரை வைத்து, மேலே கிரீஸ் பூசியபின் தொல்லை இல்லை. ரேடியல்களைப் பதிப்பதற்குக் கடப்பாரையால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கீறினாலே போதும். பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் மேய வரும்போது காலில் சிக்காத ஆழம் அது.

மொட்டை மாடி மட்டுமே உள்ளவர்களுக்கு வழி அடைபடவில்லை. தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய ரேடியல்கள் வேறு விதமாக வேலை செய்கின்றன. அவை மண்ணைத் தொடாததால் கால் அலைநீளத்துக்குத் துல்லியமாக வெட்டவேண்டும், ஆனால் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். செவர்ன்ஸின் சோதனையில் ஆளின் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே கட்டிய நான்கு ரேடியல்கள், தரையில் கிடந்த 64 ரேடியல்களுக்கு ஏறத்தாழ இணையாக நின்றன. அவற்றைக் கீழ்நோக்கிச் சரித்துக் கட்டினால் ஊட்டுமுனைத் தடையும் 50 ஓமை நோக்கி உயரும். இந்த அமைப்பில் ஊட்டுமுனையில், கேபிளின் வெளியுறையில் ஓட்டம் பாயாமல் தடுக்கும் சோக் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் கேபிளின் வெளியுறையே ஐந்தாவது ரேடியலாகி, ஓட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். ரேடியல்களின் நுனிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும் என்பதால், துணி காயப்போட வருகிறவர்களின் கையோ குழந்தைகளின் கையோ எட்டாதபடி கட்டவேண்டும்.

எத்தனை ரேடியல் பதித்தாலும் திருத்த முடியாத ஒன்று உண்டு. தாழ்ந்த கோணத்தில் புறப்படும் அலை, பல அலைநீளத் தொலைவில் உள்ள நிலத்தில் பட்டுத் தெறித்துத்தான் வானேறுகிறது. அந்த நிலம் நம் வேலிக்கு வெளியே இருக்கிறது. கடற்கரையில் நிற்கும் செங்குத்து ஆன்டெனா உள்நாட்டு ஆன்டெனாவை எளிதாக வெல்வதற்கு இதுவே காரணம். சாதாரண மண்ணைவிடக் கடல்நீர் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும். நேர் மேலே செங்குத்து ஆன்டெனா எதையும் வீசுவதில்லை என்பதால், காலையில் மதுரை, சேலம் நண்பர்களோடு பேசுவதற்குத் தாழக் கட்டிய டைப்போலையே இன்றும் பயன்படுத்துகிறேன். வீட்டு எல்இடி விளக்குகளின் இரைச்சலையும் செங்குத்து ஆன்டெனா கூடுதலாகவே வாங்கிக்கொள்கிறது. இருட்டியபின் ஐரோப்பாவும் ஜப்பானும் திறக்கும் நேரத்தில் மட்டும் சுவிட்சை அந்தப் பக்கம் திருப்புகிறேன். அப்போது என் டைப்போல் அதற்கு ஈடாவதில்லை.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று ஊட்டுமுனைத் தடையை அளந்து நோட்டில் எழுதி வருகிறேன். 16 ரேடியல்கள் இருந்த ஆண்டில், கார்த்திகை ஈரத்துக்கும் வைகாசி வறட்சிக்கும் இடையே அந்த எண் 9 ஓம் ஆடியது. 48 ஆனபின் ஆட்டம் 3 ஓமுக்குள் அடங்கியிருக்கிறது. நான்காவது சுருள் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் மழையில் கரிசல் இளகியதும் அதையும் பதித்துவிட்டு மறுபடி அளக்கவேண்டும்.