பிளம் கிராமத்தில் ஒரு கிழமை

ஏப்ரல் 4, வெள்ளி

போர்தோவில் ரயில் மாறி, சின்னதொரு ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். மொட்டைத் தலையோடு ஒரு பிக்குணி வேனுடன் காத்து நின்றார். எங்கள் ஈழத்து ஆட்களுக்குக் காவி உடையைக் கண்டால் மனசில் என்னென்ன ஓடும் என்று விளக்கத் தேவையில்லை. இவர்கள் உடுத்துவது மண்ணிறம். வியட்நாமில் கமக்காரர் உடுத்தும் நிறமாம். அதுவே எனக்குப் பாதி ஆறுதல்.

பிரான்சில் இருக்கும் இந்தப் பௌத்த மடத்தை 1982-இல் தொடக்கியவர்கள் வியட்நாமியத் துறவி திக் நாட் ஹானும் சகோதரி சான் கோங்கும். வியட்நாம் போரை நிறுத்தச் சொல்லி 1966-இல் அமெரிக்கா போன திக் நாட் ஹானை ஊர் திரும்ப விடவில்லை. 2005-இல்தான் மண்ணை மிதித்தார். அதற்குள் 39 வருசம். 2022-இல், தான் துறவியான, வியட்நாமின் ஹுவே நகரத்து அதே கோயிலில் காலமானார். ஊரை விட்டு வந்தவர் கட்டிய இடம் என்பதால்தான் வரச் சம்மதித்தேன்.

ஏப்ரல் 5, சனி

சாப்பாட்டுக் கூடத்து மணிக்கூடு கால் மணிக்கொரு தரம் அடிக்கிறது. அடித்தவுடன் எல்லாரும் அப்படியே நிற்கிறார்கள். கரட் வெட்டிக்கொண்டிருந்த என் பக்கத்துப் பெண்ணின் கத்தி பலகையில் பாதி இறங்கியபடி நின்றது. மூன்று மூச்சு. பிறகு வெட்டு தொடர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்கும் பேச்சில்லை. இரவில் தொடங்கும் மௌனம் காலைச் சாப்பாடு முடியும் வரைக்கும்.

சோறு இருக்கிறது, டோஃபு இருக்கிறது. உறைப்பு மட்டும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இன்று அவலோகிதேசுவரர் பெயரை வயலினோடு பாடினார்கள். துன்பப்படுகிறவர்களின் குரலைக் கேட்கிற போதிசத்துவர். வீரசோழியத்தில் புத்தமித்திரர், அகத்தியர் தமிழைக் கேட்டதே இந்த அவலோகிதரிடம்தான் என்கிறார். பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்ப் பௌத்தரின் இலக்கணம். பள்ளிக்கூடத்தில் படித்து மறந்தது, இங்கே பிரெஞ்சுக்காரர் நடுவில் இருக்கும்போது ஞாபகம் வருகிறது.

ஏப்ரல் 7, திங்கள்

சோம்பல் நாள். பெயரே அதுதான், நிகழ்ச்சி எதுவும் கிடையாது. நித்திரை.

ஏப்ரல் 8, செவ்வாய்

வட்டமாக இருந்து கதைக்கும் நேரம். கதைக்க விரும்புகிறவர் கை கூப்புவார், மற்றவர்களும் கூப்புவார்கள். முடிந்ததும் திரும்ப ஒரு கும்பிடு. இடையில் யாரும் வாய் திறப்பதில்லை. புத்தி சொல்வதோ குறுக்குக் கேள்வியோ கிடையாது. அங்கே சொன்னது அங்கேயே இருக்க வேண்டும். அதனால் மற்றவர்கள் சொன்னதை எழுதமாட்டேன்.

நான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். 2009 மே மாதத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லாதவன். சொல்லி முடித்து, வழக்கமாக வருவதற்குக் காத்திருந்தேன். "எங்கேயாவது உயிரோடு இருப்பான்" என்று ஒரு கூட்டம், "இனியாவது காரியத்தைச் செய்துவிடுங்கோ" என்று இன்னொரு கூட்டம், இத்தனை வருசமும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்திருக்கிறேன். ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு சொல்லியும் ஒரு வார்த்தை இல்லையா? ஆனால் எதிரே இருந்த வயதான பெண் என்னை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவர் பதில் யோசிக்கவில்லை என்பது தெரிந்தது. யாருக்கும் தலையாட்டிச் சமாளிக்க வேண்டாம் என்றவுடன் தோள் இரண்டும் தானாக இறங்கின.

ஏப்ரல் 10, வியாழன்

பிக்குணியிடம் நேரே கேட்டேன். எதிரில் இருப்பவர் போரைப் பற்றிப் பச்சைப் பொய் சொன்னாலும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமா? இங்கே இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் வந்து தங்கி, முதலில் மூச்சும் நடையும் பழகி, அதன் பிறகுதான் ஒருவர் கதையை மற்றவர் கேட்டார்கள் என்று வாசித்திருந்தேன். எங்கள் நாட்டில் அப்படி நடக்குமா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி.

கேட்பது ஒத்துக்கொள்வது ஆகாது என்றார். அந்த நேரம் அவர் மனசைக் கொட்ட விட வேண்டும், திருத்துவதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக. உனக்குள் எரிச்சல் கூடினால், "இன்றைக்கு என்னால் நன்றாகக் கேட்க முடியாது, இன்னொரு நாள் கதைப்போம்" என்று எழும்பிவிடலாம்.

நல்ல பதில்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரம் போய் இருந்தபோது, அவர்களிடம் கேட்க ஆள் இல்லாமல் இல்லை. ஆணைக்குழு என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், எழுதினார்கள், போனார்கள். அம்மாவும் போய்ச் சொன்னா. கேட்டவருக்கு அதிகாரம் இருந்தால், கேட்டதோடு அவர் வேலை முடியாது. இந்த வட்டத்தில் அதிகாரம் உள்ளவர் யாருமில்லை, அதனால்தான் இங்கே இது சரிவருகிறது என்பது என் எண்ணம். பிக்குணியிடம் அதையும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாரிஸ். அம்மாவுக்குப் போன் எடுத்தேன். தம்பி சின்னனில் கிணற்றுக்கட்டில் இருந்து அழுத கதையைத் தொடங்கினா. வழக்கமாக நடுவில் பேச்சை மாற்றிவிடுவேன். இன்றைக்குச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில், "பிள்ளை, லைன் கட்டாகிட்டுதோ?" என்றா.

எங்கள் ஆட்களுக்கு ம் கொட்டாவிட்டால் கதை ஓடாது. இனி ம் கொட்டுகிறேன் என்றேன். அம்மா கிணற்றுக்கட்டில் இருந்து திரும்பத் தொடங்கினா.