ஏர் ரைஃபிளும் என் இடது கையும்: காங்கேயம் கொட்டகையில் மூன்று வாரம்

மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத 18 மில்லிமீட்டருக்கு நேற்றுதான் காரணம் பிடிபட்டது.

என்னுடையது 0.177 அங்குலத் துளை கொண்ட ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொப்பரைக் கொட்டகையில் 10 மீட்டர் அளந்து கோடு போட்டிருக்கிறேன். எதிரே தென்னை நார்க்கழிவை இறுக்கி அடைத்த சாக்கு மூட்டைகள், பின்னால் இரும்புத் தகடு, அதற்கும் பின்னால் மண்சுவர். காகித அட்டையைத் தவிர வேறெதையும் சுடுவதில்லை. நாலு பக்கமும் அடைப்பு என்பதால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் மேல் பழி போடவும் வழியில்லை.

முதல் வாரம் மேசை விளிம்பில் ரைஃபிளை வைத்து, குறியை (குறி பார்க்கும் கருவியை) திருகித் திருகி, குண்டு படும் இடத்தை நடுவுக்குக் கொண்டு வந்தேன். ஐந்து பெல்லட்டும், அதாவது ஈயக் குண்டும், அழகாக ஒரே இடத்தில். அப்புறம் எழுந்து நின்று சுட்டால் ஐந்துமே 18 மி.மீ. கீழே. போட்டி அட்டையின் கறுப்பு வட்டமே 30.5 மி.மீ. அகலம்தான், அதாவது குண்டு கறுப்பை விட்டே வெளியே போய்விட்டது. குறியின் திருகு தளர்ந்திருக்குமோ என்று பார்த்தேன், இல்லை. வேறு டப்பா பெல்லட் வாங்கி வந்தேன், அதுவும் கீழேதான் போனது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கல்லூரியில் என்.சி.சி.யில் 0.22 ரைஃபிள், வெடிமருந்துத் தோட்டா போடும் வகை, சுட்டவர். நான் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, “ஏனுங் மாப்ள, கோழிக்குஞ்சாட்டம் புடிச்சா எப்புடி? தோள்ல நல்லாப் பதிச்சு இறுக்கிப் புடிங்க” என்றார். அப்படியே செய்தேன். குண்டுகள் 40 மி.மீ. அகலத்துக்குச் சிதறின. மாமா சொன்னதில் தப்பில்லை, அவர் சுட்ட ரைஃபிளுக்கு அதுதான் சரி. என்னுடையதன் சுபாவம் வேறு.

வெடிமருந்துத் தோட்டா ரைஃபிளில் குண்டு நகரத் தொடங்கும்போதுதான் உதையும் தொடங்குகிறது. ஓரிரு மில்லி விநாடியில் குண்டு குழல் வாயைத் தாண்டிவிடும். அங்கேயும் உதைக்குப் பங்கு உண்டு. தோளில் படும் இடம் குழலின் கோட்டுக்குக் கீழே இருப்பதால், குண்டு வெளியேறுவதற்குள்ளேயே முனை கொஞ்சம் எழும்பும். அதே ரைஃபிளில் கனமான, மெதுவாகப் போகும் குண்டைப் போட்டால் கிட்டத்து அட்டையில் பெரும்பாலும் மேலே படுவது அதனால்தான். ஆனால் ஸ்பிரிங் ரைஃபிளில் ஸ்பிரிங் உந்த, உள்ளே ஒரு கனமான பிஸ்டன் முன்னால் ஓடுகிறது; அது நெருக்கும் காற்றுதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. ஸ்பிரிங் மாற்றக் கழற்றியபோது அதைத் தராசில் வைத்துப் பார்த்திருந்தேன்: 250 கிராம். அதன் ஓட்டம் 75 மி.மீ., ரைஃபிள் 3 கிலோ. கணக்குப் போட்டால் பிஸ்டன் முன்னால் ஓடி முடிப்பதற்குள் ரைஃபிள் 6 மி.மீ. பின்னால் போக வேண்டும். அதில் பெரும்பகுதி, பெல்லட் இருந்த இடத்தை விட்டு அசைவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. கடைசியில் நெருக்குண்ட காற்றில் பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைஃபிள் முன்னால் வெட்டி இழுக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆசை. ஸ்டாக்கில், அதாவது ரைஃபிளின் கட்டையில், சாக்பீஸால் கோடு போட்டு, கைபேசியில் விநாடிக்கு 240 படம் வீதம் எடுத்தேன். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 4 மில்லி விநாடி. ஒரு படத்தில் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. இரண்டு படம் தள்ளிப் பின்னால் போயிருக்கிறது. அடுத்த இரண்டில் முன்னால் வந்துவிட்டது. என் கண்ணுக்கு இத்தனை நாளும் வெறும் ஒரு அதிர்வாகத் தெரிந்தது இதுதான்.

மேசை மரம் இந்த அசைவுக்கு இடம் கொடுக்கவில்லை. உதைத்துக் கிளம்பும் ரைஃபிளை மேலே துள்ளவிட்டது, நானும் அந்தத் துள்ளலுக்கே குறியைத் திருத்தி வைத்திருந்தேன். 10 மீட்டரில் 0.1 டிகிரி திரும்பினாலே 17 மி.மீ. விலகும். என் 18 மி.மீ. அவ்வளவுதான்!

நேற்று மேசையில் மண் மூட்டை போட்டு, அதன் மேல் புறங்கையை வைத்து, விரித்த உள்ளங்கையில் ரைஃபிளைக் கிடத்தினேன். விரல்கள் மூடவில்லை, தோளில் பட்டும் படாமலும். ஐந்து பெல்லட் 14 மி.மீ.க்குள். குறியை மறுபடி நடுவுக்குக் கொண்டு வந்தேன். எழுந்து நின்று அதே பிடியில் சுட்டால் 3 மி.மீ.தான் வித்தியாசம். எனக்கு வந்த சந்தோஷத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஆனால் உள்ளங்கையை முன்னால் ஒரு சாண் தள்ளி வைத்தால் குரூப், அதாவது குண்டுகள் பட்ட கூட்டம், அப்படியே சிதறாமல் 6 மி.மீ. மேலே ஏறுகிறது. மறுபடி பழைய இடத்துக்குக் கையைக் கொண்டு வந்தால் கீழே இறங்குகிறது. மூன்று தடவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அதேதான். விசையைச் சுற்றியுள்ள வளையத்துக்கு நாலு விரல் முன்னால் ஸ்டாக்கின் அடியில் ஒரு துண்டு துணி டேப் ஒட்டிவிட்டேன், கை இருட்டிலும் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும்.

அடுத்து கன்னம். கடைசி இரண்டு குண்டு இடப்பக்கம் போனபோது முகத்தை ஸ்டாக்கில் அழுத்தியிருந்தேன் என்று சந்தேகம். புதன்கிழமை காலை கொப்பரை ஏற்ற வண்டி வருவதற்குள் பத்து பெல்லட் அதற்கு ஒதுக்கியிருக்கிறேன்.