மின்சாரத்துக்கும் அஞ்சு கட்டை

எங்கள் சபாவின் மார்கழி வரிசையில் நேற்று மூன்றாவது கச்சேரி. பாட வந்த அம்மாவுக்குச் சுருதி அஞ்சு கட்டை (ஹார்மோனியத்தில் ஐந்தாவது வெள்ளைக் கட்டை). மண்டபத்துக் கரண்டுக்கும் கிட்டத்தட்ட அதே சுருதி என்பது அப்புறம்தான் தெரிந்தது.

பொருளாளர் மாமாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிருதங்க அண்ணனுக்குப் போன் போட்டு, “ஞாயிறு ஆறு மணி, தர்மபுரி, சாப்பாடு உண்டு” என்றதோடு வைத்துவிட்டார். பாடுவது ஆணா பெண்ணா, என்ன சுருதி, ஒன்றும் கிடையாது. அண்ணன் ஒரு கட்டைக்கான தக்கு (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தோடு வந்து இறங்கினார். பின்னலில் கல்லால் தட்டினால் அரைக் கட்டை ஏறும். ஒன்றைத் தட்டித் தட்டி அஞ்சாக்கப் பார்த்தால் தோல்தான் கிழியும். எச்சு (உயர்ந்த சுருதி) மிருதங்கம் சேலத்தில் பஸ் ஏறியது. பஸ்ஸோ தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் நின்று பனியை ரசித்துக்கொண்டிருந்தது.

தாளவாத்தியம் இல்லாமல் வர்ணம் எடுப்பதா? அந்த அம்மா புத்திசாலி, தாளமே வேண்டாத விருத்தம் ஆரம்பித்தார். மிருதங்கம் வாசித்திருந்தால் அமுங்கிப் போயிருக்கும் சங்கதி அப்போது ஸ்பீக்கரில் துல்லியமாக வந்தது: உம்ம்ம்ம்ம்.

முன்வரிசையில் கண்ணை மூடியிருந்த மாமா, “தம்புரா பிரமாதம்!” என்றார்.

அவர் கேட்டது தம்புராவும் இல்லை, ஒன்றும் இல்லை, கரண்டு இரைச்சல். நம்ம லைனில் ஓடுவது 50 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரில் அதன் இரட்டிப்பான 100 எடுப்பாகவே கேட்கும். அஞ்சு கட்டையின் கீழ் ஸட்ஜம் (ஸ) 98. அதாவது அஞ்சுக்கும் அஞ்சரைக்கும் நடுவில் மூன்றில் ஒரு பங்கு ஏறி உட்கார்ந்திருக்கிறது கரண்டு. நன்றாக விலகியிருந்தால் காது ஒதுக்கிவிடும். ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால்தான் உயிரை வாங்கும். ஒரு கட்டைக்காரரைப் போட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள், அவருடைய பஞ்சமம் (ப) அதே இடம்தான். வயலின்காரர் தம்புராவுக்கு ஒரு முறையும் கரண்டுக்கு ஒரு முறையும் பிருடையை (தந்தி முறுக்கும் ஆணி) திருகினார். கடைசியில் வில்லை மடியில் வைத்துவிட்டு மைக்செட் தம்பியைப் பார்த்தார் பாருங்கள், அந்தப் பார்வைக்கே தனியாகச் சன்மானம் தரலாம்.

காரணம் லேப்டாப். லைவ் போடுகிற பையன் மிக்சரிலிருந்து ஹால் கடைசி வரை ஒயர் இழுத்து, அங்கிருந்த போர்டில் சார்ஜரைச் செருகியிருந்தான். மிக்சருக்கு மேடையில் ஒரு எர்த், லேப்டாப்புக்குப் பின்னால் வேறு எர்த். இரண்டுக்கும் இம்மி வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ ஒயரின் மேல் பின்னல் வழியாகக் கரண்டு ஓட ஆரம்பித்துவிடும். சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டையும் ஒரே போர்டில் போட வேண்டும். மாமா கட்டிங் பிளேயரோடு வந்து, “எர்த் பின்னை நறுக்கிட்டா சரியாயிடும்” என்றார். இரைச்சல் போகும்தான். மைக்கைத் தொடும்போது ஷாக் அடித்தால் ஆளும் போய்விடுவார். பிளேயரைப் பிடுங்கியது அத்தை. புண்ணியவதி.

ஒருவழியாக எச்சு மிருதங்கம் வந்தது. அதன் இடப்பக்கமான தொப்பியில் அப்புவதற்கு ரவை வேண்டும். சமையல்கட்டில் இருந்ததோ உப்புமாவுக்கு வறுத்து வைத்த ரவை. பச்சை ரவை தண்ணீரில் பிசைந்தால் பிசுபிசுவென்று தோலைப் பிடித்துக்கொள்ளும், வறுத்தது உதிரும். இடக்கையால் அடிக்கிற ஒவ்வொரு கும்கிக்கும் கொஞ்சம் வேட்டியில் கொட்டும். பக்கத்துக் கடை ஷட்டரைத் தட்டி ஒரு பாக்கெட் வாங்கி வருவதற்குள் சபையில் பாதிப் பேர் சுண்டல் வரிசையில் நின்றார்கள். அதற்கப்புறம் நடந்த ஒரு மணி நேரக் கச்சேரி அருமை. கேட்டவர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு நாதஸ்வரம். மைக்கே தேவையில்லை, தவிலோடு சேர்ந்தால் பஸ் ஸ்டாண்டுக்குக் கேட்கும். மாமா ஆறு மைக்குக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்றாம். தவிலுக்கு எத்தனை கிலோ ரவை வாங்க வேண்டும் என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.