தேசாந்திரம் போன பெரிய தாத்தா: நேட்டால் கப்பல் பட்டியலில் தேடியது

எங்கள் கொள்ளுத் தாத்தாவுக்கு ஓர் அண்ணன். தாது வருஷப் பஞ்சம் (1876-78) முடிந்த பிறகு குடியாத்தம் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறியவர், திரும்பவே இல்லை. வீட்டில் யாரைக் கேட்டாலும் இவ்வளவுதான். பரணில் கிடந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ‘மூத்தவன் தேசாந்திரம் போய்விட்டபடியால்’ என்று ஒரு வரி. அவருடைய தகப்பனார் பெயரும், தாலுகாவோடு ஊர்ப் பெயரும் அதே பத்திரத்தில் இருந்தன. அதை வைத்துத்தான் தேடலை ஆரம்பித்தேன்.

ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனவர்களுக்குப் பதிவு நன்றாகவே இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ முதல், 1911 ஜூலையில் கடைசியாகப் போன ‘உம்லாசி’ வரை மொத்தம் 1,52,184 பேர். ஆளுக்கு ஓர் எண். கூடவே தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், அங்க அடையாளம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகளைத் தேடுகிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

பெயரைப் போட்டுத் தேடினால் முனுசாமிகளும் சின்னசாமிகளும் வந்துகொண்டே இருப்பார்கள், எழுத்தும் விதவிதமாக இருக்கும். அதனால் முதலில் வட ஆற்காடு ஜில்லா, அதற்குள் குடியாத்தம், பிறகு தகப்பன் பெயர் என்று வடிகட்டினேன். 1866-க்கும் 1874-க்கும் இடையில் கப்பல்களே போகவில்லை. அவர் போனது பஞ்சத்துக்குப் பிறகு என்பதால், அதற்குப் பிந்தைய கப்பல்களை மட்டும் பார்த்தால் போதும் என்றானது. எண்கள் வரிசையாகப் போவதால் எண்ணைப் பார்த்தே ஆண்டை ஓரளவு ஊகித்துவிடலாம்.

கடைசியில் ஒருவர் பொருந்தினார். வயது 24, ஊரும் தகப்பன் பெயரும் பத்திரத்தில் உள்ளபடியே. வலது முழங்காலில் தழும்பு.

இதோடு நிறுத்தியிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும். ஒன்றாகக் கிளம்பியவர்களின் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும் என்பதால் மேலும் கீழும் உள்ள வரிகளையும் படித்தேன். மேலே அதே ஊர்க்காரர்கள் இரண்டு பேர். கீழே அதே ஊர், வயது 20, ஒரு பெண். அதற்கும் கீழே ஒரு வயதுப் பெண் குழந்தை, தகப்பன் பெயர் என்ற இடத்தில் பெரிய தாத்தாவின் பெயர்! கல்யாணம் ஆகாத ஆள், கோபித்துக்கொண்டு ஓடிப்போனவர் என்றுதான் எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோம். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு, பிழைக்க வழி தேடிப் போன மனுஷன் அவர். அத்தையிடம் போனில் படித்துக் காட்டியபோது, “குழந்தை பேரு என்னடா போட்டிருக்கு?” என்பதைத்தான் முதலில் கேட்டார். எங்கள் குலதெய்வத்தின் பெயர்.

உங்கள் ஆளைக் கண்டுபிடித்ததும் பட்டியலை மூடிவிடாதீர்கள். முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது படியுங்கள்.

நேட்டாலில் பின்னாளில் பதிவான திருமணம், பிறப்பு, இறப்புப் பதிவுகளில் பெரும்பாலும் இந்தக் குடியேற்ற எண் கூடவே வரும். டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகங்களில் அந்தக் குழந்தையின் எண்ணைத் தேடித் தரச் சொல்லி இப்போது எழுதியிருக்கிறேன்.