ஈறு நோய்க் கிருமியில் வகை பிரிக்க மாதிரி எடுத்த அனுபவம்

போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற ஈறு நோய் பாக்டீரியா ஈறு நன்றாக இருப்பவர் வாயிலும் கிடைக்கும். அதனால் கிருமி இருக்கிறதா என்பதைவிட எந்த வகை என்பதுதான் கேள்வி. ஈறு செல்லில் அது ஒட்டிக்கொள்ளும் நுண்ணிழைகளுக்கான ஃபிம்ஏ மரபணுவில் 1, 1பி, 2, 3, 4, 5 என ஆறு வகை உண்டு. நோய் முற்றியவர்களிடம் அதிகம் தென்படுவது 2ஆம் வகை. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், தக்கலை, குளச்சல் பக்கம் மாதிரி எடுத்ததில் பிடிபட்டவற்றை எழுதுகிறோம்.

பாக்கெட் (பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் பள்ளம்) ஆழம் அளக்கும் அன்றே மாதிரி எடுக்காதீர்கள். ஆழம் அளக்கும் கம்பியான ப்ரோப் பட்டாலே நோயுள்ள ஈறு கசியும். ரத்தத்தின் சிவப்பு நிறப்பொருளான ஹீம், டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் சோதனையை முடக்கிவிடும். 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழமுள்ள இடங்களைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். கடலுக்குப் போகிறவர், ரப்பர் பால் வெட்டுகிறவர் என்றால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கே குறியுங்கள், இல்லாவிட்டால் வரமாட்டார்கள். "மூணு மாசத்துல ஆன்டிபயாடிக் எடுத்தீங்களா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "பல்லு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்குனீங்களா?" என்று கேளுங்கள், பையிலிருந்து அட்டையே வெளியே வரும். அவர்களைச் சேர்க்கக் கூடாது.

பஞ்சுருளை வைத்து எச்சிலை விலக்கி, ஈறு விளிம்புக்கு மேலே உள்ள படிவை மட்டும் கியூரெட்டால் (சுரண்டும் கருவி) துடைத்தெடுங்கள். விளிம்புக்குக் கீழே இறங்கினால் அங்கேயே ரத்தம் வரும். மெல்லக் காற்றடித்து உலர்த்தி, 30ஆம் எண் பேப்பர் பாயின்ட்டை (ஈரம் உறிஞ்சும் கூரான காகிதக் குச்சி) பாக்கெட்டின் அடி தட்டும்வரை இறக்கி 20 விநாடி வையுங்கள். எடுத்ததும் நுனியைப் பாருங்கள். நிறமின்றியோ வெளிர் மஞ்சளாகவோ ஈரமேறியிருந்தால் சரி. லேசாகச் சிவந்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டு, குறித்து வைத்த வேறு பல்லுக்குப் போங்கள். மனம் வராது, ஆனாலும் போடுங்கள்.

டிஎன்ஏவைக் கெடாமல் வைக்கும் டிஇ பஃபர் கரைசல் உள்ள குழாயில் இட்டு ஐஸில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மலையோர ஊர்களிலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் ஐஸ் உருகி ஸ்டிக்கர் கழன்றுவிடும். மூடியிலும் பக்கத்திலும் அழியாத மார்க்கரால் எண் எழுதி, ஜிப் கவருக்குள் போடுங்கள்.

லேபில் முதலில் கிருமியை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை பிசிஆரில் பாருங்கள். ஜெல்லில் 404 இணை (டிஎன்ஏ நீளத்தின் அலகு) அளவில் பட்டை வந்தால் கிருமி உண்டு. பிறகுதான் ஃபிம்ஏ. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: எல்லா வகைக்கும் உரிய ப்ரைமர் ஜோடிகளையும் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஒரே குழாயில் போட்டுவிடுகிறார்கள். 1ஆம் வகைக்கு 271, 2க்கு 257, 3க்கு 247, 4க்கு 251 இணை. அகரோஸ் ஜெல்லில் இவை ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் நிற்கும். 5ஆம் வகை மட்டுமே 462 என்று தள்ளி நிற்கும். ஒவ்வொரு வகைக்கும் தனிக் குழாய் போடுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வகை தெரிந்த கிருமி இனங்களையும் ஓட்டுங்கள்: 1ஆம் வகைக்கு ஏடிசிசி 33277, 4க்கு டபிள்யூ83. வெறும் தண்ணீர்க் குழாயும் கட்டாயம்.

எதிலும் பட்டை வராவிட்டால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து (1 மைக்ரோலிட்டருக்கு 9 தண்ணீர்) மறுபடி ஓட்டுங்கள். தடுப்புப் பொருளும் சேர்ந்து நீர்த்துப் போவதால் பட்டை தெளிந்து வருவதுண்டு. 16எஸ் வந்து ஃபிம்ஏ வராத மாதிரிகளை 'வகை தெரியாதவை' என்று தனியே எழுதுங்கள், எடுத்து எறியாதீர்கள். ஒரே வாயில் இரண்டு வகை வந்தால் இரண்டையும் எழுதுங்கள். தண்ணீர்க் குழாய் சுத்தமாக இருந்ததா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.