சேற்றுக்கு அடியில் சூரியன்

சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் நுண்துகள்களான சூரியக் காற்றின் மாதிரிகளை ஆராயும் ஆய்வகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். அந்த மாதிரிகளைச் சேகரித்துவந்த நாசாவின் ஜெனிசிஸ் என்றதுமே, "அந்த நொறுங்கிப்போன விண்கலமா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். அதேதான். 2004 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் அதன் மாதிரிப் பெட்டகத்தை நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிக்க ஹெலிகாப்டர்கள் காத்திருந்தன. வேகம் குறைவதை உணர வேண்டிய சிறு சுவிட்சுகள் வடிவமைப்பிலேயே தலைகீழாக அமைந்துவிட்டதால் பாராசூட் விரியவில்லை. பெட்டகம் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் தரையில் மோதியது.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் என் மனதுக்கு நெருக்கமானது.

பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கி.மீ. தள்ளி, நம் காந்தப்புலத்துக்கு வெளியே, 2001 டிசம்பர் முதல் 2004 ஏப்ரல் வரை பெட்டகத்திலிருந்த தகடுகள் சூரியக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தன. சிலிக்கான், சஃபையர், தங்கம், வைரம் போன்ற கார்பன் என்று பல பொருட்களில் செய்த அறுகோணத் தகடுகள். நொடிக்குச் சில நூறு கி.மீ. வேகத்தில் வரும் அணுக்கள் அவற்றுக்குள் புதைந்துவிடும். ஆழம் என்னவோ சில பத்து நானோமீட்டர்தான் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). ஆனால் அந்த ஆழம்தான் திட்டத்தைக் காப்பாற்றியது: மோதலில் ஒட்டிய பாலைவனச் சேறும் உப்பும் மேலே, சூரியன் அடியில். அழுத்தித் துடைத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அதனால் அதிதூய நீரை மீயொலி அதிர்வோடு பாய்ச்சிக் கழுவுவார்கள். அதிலும் போகாத அழுக்குக்கு அமிலம். எந்தத் துண்டுக்கு எந்த அமிலம் என்று எங்களுக்குள் நாள்கணக்கில் விவாதம் நடக்கும். கழுவியதை நுண்ணோக்கியில் பார்த்தால் பக்கத்துத் தகட்டின் பொடி இன்னும் ஒட்டியிருக்கும். சரி, மறுபடி முதலிலிருந்து.

மோதலில் தகடுகள் நொறுங்கிச் சிதறிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் எது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று எப்படித் தெரிந்தது? வேகக் காற்று, மெதுவான காற்று, சூரிய வெடிப்பில் வரும் காற்று என்று தனித்தனியாகப் பிடிக்கத் தனித்தனி அடுக்குகள் இருந்தன. உடைந்தாலும் அடையாளம் தெரியட்டும் என்று, 550 மைக்ரானிலிருந்து 700 மைக்ரான் வரை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வகைக்கு ஒரு தடிமனாகத் தகடுகளைச் செய்திருந்தார்கள். துண்டின் தடிமனை அளந்தாலே அதன் ஊர் தெரிந்துவிடும். யாரும் விரும்பாத ஒரு நாளுக்காக முன்கூட்டியே யோசித்து வைத்த அந்த மனிதர்கள்மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

முக்கியமாக ஆக்சிஜன் ஆய்வுக்காகச் சூரியக் காற்றைக் குவித்துப் பிடித்த நான்கு இலக்குத் துண்டுகளில் மூன்று உடையாமல் கிடைத்தன. அவற்றிலிருந்து 2011-இல் முடிவு வந்தது: சூரியனோடு ஒப்பிட்டால் பூமியின் ஆக்சிஜனில் கனமான ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளின்) பங்கு சுமார் 6 சதவீதம் அதிகம். ஒரே வாயுத் திரளிலிருந்து பிறந்த சூரியனும் பூமியும் இப்படி வேறுபட்டது எப்படி? இளம் சூரியனைச் சுற்றியிருந்த கார்பன் மோனாக்சைடைப் புறஊதா ஒளி உடைத்ததே காரணம் என்ற விளக்கத்துக்கு இந்த அளவீடு நல்ல பலம் சேர்த்தது. துண்டுகள் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள நாசா மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. விண்ணப்பிக்கும் ஆய்வகங்களுக்கு இப்போதும் கொடுக்கிறார்கள்.